மௌனமுகிலன் விட்ட இடம்

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால், தங்களைத்தான் சொல்கிறேன் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். ஆகவே வெண்ணாற்றங்கரையில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் முட்டாள்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில், அவர்களே போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்: ‘நீலமேகம் & கோ. இணையப் பக்கங்கள் அமைத்துத் தரப்படும். சொன்னதைச் சொன்னபடி செய்வோம்.’

போர்டில் பொய் இல்லை. சொன்னதைச் சொன்னபடிதான் செய்வார்கள். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஆனால் இது அவர்களை நம்பி அந்த மாடிப்படி ஏறியவரின் கதை. அவரையும் முட்டாள்களோடு சேர்த்து எண்ணினால்தான் கணக்குச் சரியாக வரும் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டுவிட்டதால், நாமும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் பெயர் கலியபெருமாள். நில அளவைத் துறையில் சர்வேயர். பகலில் பிறர் இடத்தை அளப்பார். மாலையில் மௌனமுகிலன் என்ற பெயரில் தன் கவிதைகளில் இடம் விடுவார். அவர் கவிதைகளில் சொற்கள் குறைவு, வெற்றிடம் அதிகம். விமர்சகர்கள் யாராவது பார்த்திருந்தால் இதை மௌனத்தின் அழகியல் என்று சொல்லியிருப்பார்கள். உண்மையில் அது மனைவிமேல் இருந்த பயம்.

மனைவி தையல்நாயகி, உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. கல்யாணமான புதிதில் கலியபெருமாள் அவருக்கு ஒரு காதல் கவிதை எழுதிக் கொடுத்தார். நல்ல நீளம். தையல்நாயகி முதல் வரியிலேயே ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து, சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மீதி?” என்றார் புது மாப்பிள்ளை.

“பிழையைத் தாண்டி எனக்குப் படிக்க வராதுங்க. நெருஞ்சி முள்ளுல கால் வைக்கிற மாதிரி இருக்கு” என்றார் புதுப் பெண்.

அன்றிலிருந்து அவர் எழுதிய எந்தக் கவிதையையும் தையல்நாயகி கடைசிவரை படித்ததில்லை. ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் சிவப்புச் சுழி விழுந்துவிடும். பிழை சொல்லில்தானே வருகிறது, சொல்லையே குறைத்தால் என்ன என்று கலியபெருமாள் குறைக்க ஆரம்பித்தார். ஒரு சொல் போன இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் வந்தது. இப்படிக் குறைத்துக் குறைத்து, தலைமயிரெல்லாம் நரைத்த பிறகு, அவர் வந்து நின்ற கவிதை இதுதான்:

நீ                              நான்
நடுவில்                                                  ஒன்றுமில்லை

வல்லினம் மிக வேண்டிய இடமே இல்லை. பிழைக்குத் துளியும் வழியில்லை. எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது. அந்த இடைவெளிகளில்தான் அவர் முப்பது வருஷக் குடித்தனத்தை வைத்திருந்தார். கவிதை பிரமாதம் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் பெரிய கவிஞராக ஆகியிருப்பார். ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஒருமுறை கடைசிச் சொல்வரை போய்ச் சேர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தையல்நாயகி தாளை வாங்கிப் பார்த்தார். “உங்க கையெழுத்துல எது புள்ளி, எது கொசு அடிச்ச கறைன்னு தெரியல. அச்சுல வரட்டும். பிழை இல்லாம இருந்தா முழுசாப் படிக்கிறேன்.”

பத்திரிகைகள் அவர் கவிதைகளைத் திருப்பி அனுப்பிப் பழகியவை. அந்த நேரத்தில்தான் வெண்ணாறு இலக்கியச் சோலை என்ற அமைப்பு, இணையத்தில் வெளியான கவிதைகளுக்குப் பரிசு என்று அறிவித்தது. கலியபெருமாள் செருப்புக் கடை மாடிக்கு ஏறினார்.

நீலமேகம், பெயருக்கேற்ற ஆகிருதி. முதலாளி, தலைமைப் பொறியாளர் எல்லாம் அவரே. அவரிடம் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். பக்கிரிசாமி யோசிக்கிறவர். செந்தாமரை தட்டச்சு செய்கிற பெண். தட்சிணாமூர்த்தி, கடைசியாக யார் பேசினாலும் அவர் சொன்னதுதான் சரி என்கிறவர். நால்வரும் எழுந்து நின்று கவிதையைப் பார்த்தார்கள்.

“மீதி எப்ப சார் தருவீங்க?” என்றார் நீலமேகம்.

“இதுதான் முழுசு.”

“அப்ப இந்தக் காலியா இருக்கறதெல்லாம்?”

“அதுதாங்க கவிதை!” என்றார் கலியபெருமாள். “எழுத்து முன்னபின்ன இருந்தாக்கூடப் பரவால்ல. ஆனா இடம் இருக்கு பாருங்க, இடம், அதை மட்டும் தொட்டுடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இடத்தைத் தொடாதீங்க.”

அவர் படியிறங்கியதும் அங்கே ஆலோசனை நடந்தது.

“விசைப்பலகையில அடியில நீளமா ஒரு கட்டை இருக்கே, அதுதானே இடம் விடற கட்டை?” என்றார் பக்கிரிசாமி.

“ஆமாண்ணே. அதைத் தொடாமதான் அடிக்கணும். பெரிய மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறாரு” என்றாள் செந்தாமரை.

“கை தவறிப் பட்டுட்டா?”

நீலமேகம் யோசித்தார். பிறகு அந்தக் கட்டையின்மேல் அட்டையை வைத்து ஒட்டி, அதில் ‘தொடாதே’ என்று எழுதச் சொன்னார். தட்சிணாமூர்த்தி பக்கத்தில் ஸ்கேலோடு நின்று காவல் காத்தார். செந்தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்து முடித்தாள். மாலையில் கவிதை இணையத்தில் ஏறியது:

நீநான்நடுவில்ஒன்றுமில்லை

கலியபெருமாள் பக்கத்தைத் தானே முதலில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மனைவியோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கைப்பேசியை அப்படியே நீட்டினார். தையல்நாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“சேர்த்து எழுதினா ‘நடுவிலொன்றுமில்லை’ன்னு வரணுங்க. மெய்யும் உயிரும் புணர்ந்தே ஆகணும். எட்டாம் வகுப்புலயே சொல்லித் தர்றோம்” என்று சொல்லிவிட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கப் போனார்.

முப்பது வருஷமாகச் சொல்லில் பிழை விட்டவர், இப்போது சொல் இல்லாத இடத்திலும் பிழை விட்டுவிட்டார். இதில் ஒரு முன்னேற்றம் இருக்கத்தான் செய்கிறது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை படியேறும்போதே கத்தினார். “இடம் விடுங்கய்யா! இடம் விடுங்க!”

நால்வரும் மரியாதையாக ஒதுங்கிச் சுவரோரம் நின்று இடம் விட்டார்கள்.

“எனக்கில்ல! கவிதைக்கு! தாராளமா இடம் விடுங்க!”

அட்டை கிழிக்கப்பட்டது. செந்தாமரை அந்தக் கட்டையைத் தட்டத் தொடங்கினாள். அவள் கை ஓய்ந்ததும் தட்சிணாமூர்த்தி தட்டினார். அவர் ஓய்ந்ததும் பக்கிரிசாமி. சாப்பாட்டு நேரத்தில்கூட ஒருவர் மாற்றி ஒருவர் இடது கையால் தட்டினார்கள். பிறகு பக்கத்தைத் திறந்தார்கள். திரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரே ஒரு சிறு இடைவெளிதான் இருந்தது. எத்தனை தட்டினாலும் இணையப் பக்கம் ஒன்றைத்தான் காட்டும். அது அதன் சுபாவம். நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

“இத்தனை தட்டினோமே, எல்லாம் எங்க போச்சு?” என்றார் நீலமேகம்.

“போகலைங்க. அங்கேயேதான் இருக்கு” என்றார் பக்கிரிசாமி. “நாம விட்டது வெள்ளை இடம். பக்கமும் வெள்ளை. வெள்ளைமேல வெள்ளை இருந்தா எப்படித் தெரியும்?”

இப்படி ஒரு மூளை செருப்புக் கடை மாடியில் கிடக்கிறதே என்று நீலமேகத்துக்கு நெஞ்சு விம்மியது. உடனே பக்கத்துக்கு நீல நிறம் அடித்தார்கள். பார்த்தார்கள்.

“இடமும் நீலமாயிடுச்சே!” என்றாள் செந்தாமரை.

சிவப்பு அடித்தார்கள். இடமும் சிவப்பாயிற்று. கறுப்பு அடித்தார்கள். எழுத்தும் காணாமல் போனது.

“பச்சோந்தி மாதிரி இருக்குங்க. நாம எந்தக் கலர் போட்டாலும் அதுவும் அந்தக் கலருக்கு மாறிக்கிது” என்றார் பக்கிரிசாமி.

“நாம கவனிக்காத மாதிரி இருந்து, அது அசந்த நேரமாப் பார்த்துத் திடீர்னு கலரை மாத்தினா?” என்றார் நீலமேகம்.

செய்து பார்த்தார்கள். மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊரைப் பற்றிப் பேசினார்கள். செந்தாமரை ஓசைப்படாமல் போய்ப் பச்சையை அடித்தாள். இடம் அதற்குள் பச்சையாகிவிட்டது. தட்சிணாமூர்த்தி, அதற்குக் காதும் கேட்கிறது என்றார். அவருக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லாததால் அது அவருடைய சொந்தக் கருத்து.

இதற்குமேல் சகலைதான் கதி என்று நீலமேகம் சென்னைக்குப் போன் போட்டார். சகலை உத்தமன் சென்னையில் இதே தொழிலில் இருக்கிறார். எப்போதும் அவசரத்தில் இருக்கிறவர்.

“அட, அதுக்குன்னு ஒரு குறி இருக்குப்பா. உடையாத இடைவெளி. &nbsp; அப்படின்னு அடி. ஒரு தடவை அடிச்சா ஒரு இடம். எத்தனை இடம் வேணுமோ அத்தனை தடவை அடி. அதை அடிச்சா இந்த எழுத்து தெரியாது, இடம்தான் தெரியும். அப்புறம் உங்க கம்பெனி பேருல ஒரு & குறி வருதில்ல? முடிச்சதும் மறக்காம எஸ்கேப் பண்ணிடு. இல்லாட்டி மாட்டிக்குவ.” போன் வைக்கப்பட்டது.

அடித்தார்கள். முதலில் ஓர் ஓரத்தில் ஒன்றை மட்டும் அடித்து, அது உண்மையிலேயே உடையாததுதானா என்று பக்கிரிசாமி மேசையை ஓங்கித் தட்டிப் பார்த்தார். டீ டம்ளர் உடைந்தது, இடைவெளி உடையவில்லை. தரமான சரக்கு என்று முடிவானது. மளமளவென்று அடித்து முடித்தார்கள். திரையில் கவிதை வந்து நின்றது. நீ அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். எல்லாம் அச்சு அசலாகக் கவிஞர் எழுதியபடி.

“வந்துடுச்சு!” என்று கவிஞருக்குப் போன் செய்துவிட்டு, நீலமேகம் திடுக்கிட்டு எழுந்தார். “முடிச்சதும் என்ன செய்யச் சொன்னாரு?”

“எஸ்கேப்பு!” என்றாள் செந்தாமரை.

“இல்லாட்டி மாட்டிக்குவோம்னாரு!”

நால்வரும் படியில் உருண்டு இறங்கி ஓடிவிட்டார்கள்.

கலியபெருமாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது ஆளில்லை. கதவு திறந்து கிடந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் அவர் கவிதை மட்டும் இருந்தது. அவர் அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். தான் எழுதியதைத் தானே முதன்முதலில் படிப்பதுபோல் இருந்தது. நீ என்று படித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் மெதுவாகக் கண்ணை நகர்த்திக்கொண்டு போனார். போகிற வழியில் சேர்ந்து போகாத சினிமாக்கள், அவள் ஜன்னலோரமும் அவர் நடையோரமுமாகப் போன பேருந்துகள், பாதியில் நின்றுபோன பேச்சுகள் எல்லாம் வந்தன. நான் என்ற சொல் வந்து சேர்ந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. இதைத் தையலு பார்த்தால் போதும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் அவளைக் கையோடு அழைத்து வருவதென்று எழுந்து ஓடினார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அதே நேரத்தில் பேருந்து நிலையத்தில், வாழைத்தார் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நீலமேகம் சகலைக்குப் போன் போட்டார்.

“எஸ்கேப் பண்ணிட்டோம் சகலை. யார்கிட்டயும் மாட்டலை.”

“எப்படிப் பண்ணினீங்க?”

“மாடிப்படி வழியா.”

சகலை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “நீங்க இல்லய்யா! அந்த & குறி! & வர்ற இடத்துல &amp; அப்படின்னு போடணும். அதுக்குப் பேருதான் எஸ்கேப். அந்தக் குறி தப்பிச்சுதுன்னு அர்த்தம். போங்க, போய் அதைப் பண்ணுங்க.”

திரும்பி வந்தார்கள். அவர்கள் கம்பெனிப் பெயரில் ஒரு & இருந்தது. கவிதையின் ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் ஒரு & இருந்தது.

“சகலை சொன்னது நம்ம பேருல இருக்கறதை மட்டுந்தானோ?” என்றார் பக்கிரிசாமி.

“ஒண்ணைத் தப்பிக்க விட்டுட்டு மத்ததை மாட்ட விடறது பாவம்ணே” என்றாள் செந்தாமரை.

“பாவந்தான்” என்றார் தட்சிணாமூர்த்தி.

அத்தனையும் தப்பிக்க வைக்கப்பட்டன. தப்பித்த குறி தன் வேலையைச் செய்யாது. சும்மா எழுத்தாக வெளியே வந்து நிற்கும். கலியபெருமாள் மனைவியைக் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது திரையில் இருந்தது இது:

நீ &nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp; நான்
நடுவில் &nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp;&nbsp; ஒன்றுமில்லை

தையல்நாயகி குனிந்து பார்த்தார். “‘நீ’க்கு அப்புறம் பிறமொழிச் சொல் வருதுங்க” என்றார். அவர் அங்கேயே நின்றுவிட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. “நடுவில் ஒன்றுமில்லைன்னு வேற போட்டிருக்கு. நடுவுல இத்தனை இருக்கே?” என்று ஓரக்கண்ணில் பட்ட அடுத்த வரியைக் காட்டி மட்டும் கேட்டார்.

“இடம் அவ்வளவும் அங்கதான் சார் இருக்கு. இப்ப நல்லாக் கண்ணுக்கும் தெரியுது” என்றார் நீலமேகம் பெருமையாக.

கலியபெருமாளுக்கு அவரை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். நடுவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே படித்துவிட்டார்கள். கவிதைக்கு முதல் பரிசு கிடைத்தது.

விழா, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடுவர் குழுத் தலைவர் பேராசிரியர் திருமேனி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“நீ, நான். இருவருக்கும் நடுவே ஒன்றுமில்லை என்கிறார் கவிஞர். ஆனால் நடுவே என்ன இருக்கிறது? என். பி. எஸ். பி. உச்சரிக்க முடியாத ஓலம்! ஒருமுறையா? இல்லை. மறுபடி மறுபடி! இந்த நூற்றாண்டுக் கணவன் மனைவிக்கு நடுவே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் எந்திரத்தின் குரல் இது. இரண்டாம் வரியில் ஓலம் கூடுவதைக் கவனியுங்கள். அங்கே நான் அழுதுவிட்டேன்.”

முன்வரிசையில் நீலமேகம் & கோ நால்வரும் சலவைச் சட்டையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓலத்தைக் கூட்டியது செந்தாமரையின் கைதான். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களுக்குப் பின்வரிசையில் தையல்நாயகி இருந்தார். பரிசு என்றதும் வந்திருந்தார்.

கவிதையை வாசிக்கும்படி கலியபெருமாளை அழைத்தார்கள். அவர் மேடையேறும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். திரை கெடுத்ததைக் குரலில் மீட்டுவிடலாம். காதால் கேட்டால் ஒற்றுப்பிழை தெரியாது, கைப்பேசி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். இடம் விட வேண்டிய இடத்தில் சும்மா இருந்தால் போதும். அந்த மௌனத்தைத் தையலு கேட்பாள். அவருக்கு வாழ்க்கையில் வந்த நல்ல யோசனைகளில் அதுவும் ஒன்று.

“நீ” என்றார். நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். மண்டபம் அமைதியானது. தையல்நாயகி நிமிர்ந்து அவரையே பார்த்தார். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது.

மைக் செட்காரர், வயர் போய்விட்டதோ என்று மேடைக்கு ஓடிவந்து தட்டிப் பார்த்தார். அவரை அனுப்பிவிட்டு மறுபடி “நீ” என்றார் கலியபெருமாள். நிறுத்தினார்.

“அண்ணே, மறந்துட்டாரு” என்றாள் செந்தாமரை.

“பாவம், கூட்டத்தைப் பார்த்த பயம்” என்றார் பக்கிரிசாமி.

நீலமேகம் எழுந்தார். வாடிக்கையாளரை இக்கட்டில் விட்டுவிட்டுப் போகிற கம்பெனி அல்ல அது. கையை வாயருகே குவித்துக்கொண்டு, “என்.பி.எஸ்.பி. சார்!” என்று எடுத்துக் கொடுத்தார். கலியபெருமாள் பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நால்வரும் சேர்ந்து சொன்னார்கள். பேராசிரியர் திருமேனிக்கு மெய்சிலிர்த்தது. அவரும் சேர்ந்துகொண்டார். பேராசிரியரே சொல்லும்போது மண்டபம் சும்மா இருக்குமா? பந்திக்குக் காத்திருந்தவர்கள்கூடக் கைதட்டித் தாளத்தோடு “என்.பி.எஸ்.பி., என்.பி.எஸ்.பி.” என்று முழங்கினார்கள். அந்த இரைச்சலில் கலியபெருமாள் மீதியைச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. இறங்கிவந்து பார்த்தால் தையல்நாயகியைக் காணவில்லை. காது வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

மாநிலத்திலேயே ஒரு கவிஞனின் மௌனத்துக்கு இவ்வளவு சத்தம் போட்டது இங்கேதான் என்று நினைத்துக்கொண்டு அவர் தனியே பாயசம் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் மாடியேறியபோது கோபமெல்லாம் வடிந்து, கெஞ்சுகிற நிலைக்கு வந்திருந்தார். “பரிசு வந்துடுச்சு. அது போகட்டும். என் சம்சாரம் ஒரு தடவை முழுசாப் படிக்கணுங்க. அந்த என்.பி.எஸ்.பி. கண்ணுல படாமப் பண்ணிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நீலமேகம் உருகிவிட்டார். சகலைக்குப் போன் போட்டார். சகலை ஏதோ கூட்டத்தில் இருந்தார். கிசுகிசுவென்று சொன்னார். “வெறும் இடம்தான் தெரியணும், எழுத்து எதுவும் தெரியக் கூடாது. அவ்வளவுதானே? எழுத்தையெல்லாம் எடுத்துடு.”

சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்.

அன்று மாலை கலியபெருமாள் வீட்டில் கைப்பேசியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நீ இல்லை, நான் இல்லை, நடுவில் இல்லை, ஒன்றுமில்லை என்ற சொல்கூட இல்லை. கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. தையல்நாயகி வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். முதல்நாள் பாதியில் எழுந்து வந்தது அவருக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, பிறகு அடுத்த வரிக்கு என்று நிதானமாகப் படித்தார். விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார்.

“ஒரு பிழைகூட இல்லைங்க” என்றார் தையல்நாயகி. அவர் குரல் தழைந்திருந்தது. “நீங்க எழுதினதுலயே இதைத்தான் நான் நிக்காமப் படிச்சுக்கிட்டே போறேன்.”

இது என் கவிதை இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் காத்திருந்த மனிதன் இதைக்கூட வேண்டாம் என்று சொல்வானா? அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கண் வெள்ளையில் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

தையல்நாயகியின் விரல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது. அங்கே நீலமேகம் & கோ தங்கள் பங்குக்குப் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: ‘இங்கு ஒரு இடைவெளிகூட வீணாகவில்லை.’

“கொஞ்சம் இருங்க” என்றார் தையல்நாயகி.

விடைத்தாள் கட்டின்மேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். “உயிரெழுத்துக்கு முன்னாடி ‘ஒரு’ வராது. ‘ஓர் இடைவெளி’.” என்று சொல்லிக் கைப்பேசிக் கண்ணாடியின்மேல் அழுத்திச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். “கடைசி வரியில வந்து கெடுத்துட்டீங்களே.”

மறுநாள் காலை கலியபெருமாள் கைப்பேசியை நீலமேகத்தின் மேசைமேல் வைத்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்புச் சுழி இருந்தது. மின்கட்டணம், வானிலை, மச்சான் பேரனுடைய பிறந்தநாள் படம் எல்லாவற்றிலும் இருந்தது. “இந்தச் சிவப்பை எடுத்துக் குடுங்க” என்றார். அது கண்ணாடிமேல் இருக்கும் மை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆரம்பத்திலேயே அவரையும் எண்ணிக்கொண்டோம் அல்லவா?

நால்வரும் பக்கத்தை வரிவரியாகத் தேடினார்கள். சிவப்பு அகப்படவில்லை. சகலைக்குப் போன் போனது. “ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லு!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

“சார், நீங்க ரெஃப்ரெஷ் பண்ணிக்கணுமாம். பின்னால குழாய் இருக்கு. நல்லா முகம் கழுவிட்டு வாங்க” என்றார் நீலமேகம்.

கலியபெருமாள் போனார். கைப்பேசியைக் குழாயடிச் சுவரில் வைத்துவிட்டு முகத்தைக் கழுவினார். தண்ணீர் தெறித்துக் கைப்பேசியும் நனைந்தது. சர்வேயர் அல்லவா, பொருளைப் பத்திரமாக வைத்துப் பழகியவர். முதலில் அதைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். பிறகு அதே துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரை பளிச்சென்று இருந்தது. சிவப்பு போயே போய்விட்டது.

“பார்த்தீங்களா! ரெஃப்ரெஷ் ஆயிடுச்சு!” என்று நீலமேகம் குதித்தார். தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். அதைக் குடித்துக்கொண்டே நால்வரும் கவிஞரைப் பார்த்து, சந்தோஷத்தில் மனுஷனுக்கு முகமெல்லாம் எப்படிச் சிவந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த தையல்நாயகி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெற்றியிலிருந்து தாடைவரை, எங்கும் நிற்காமல், கடைசிவரை நிதானமாகப் பார்த்தார்.

“சுழி இப்பத்தாங்க சரியான இடத்துல விழுந்திருக்கு” என்றார்.